“ஒரு மணித்தியாலம்” எங்கிருந்து வந்தது? சிறு பிள்ளைகளின் திரை நேரமும் நடத்தையும்

முன்பள்ளிப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் குரல்பதிவுகளைக் கேட்டால் விடயம் தீர்ந்துபோனதாகவே தோன்றும். இரண்டு வயதுக்குள் திரையே காட்டக்கூடாது. அதன்பிறகு நாளுக்கு ஒரு மணித்தியாலம். அதைத் தாண்டினால் பேச்சுப் பிந்தும், அடம் கூடும், கடைசியில் ஓட்டிசமும் வரும். 2025 டிசம்பர் 10 முதல் அவுஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பது தடைசெய்யப்பட்டபின் இந்தப் பேச்சு இன்னும் சூடுபிடித்தது. அந்தச் சட்டம் பதின்ம வயதினரின் கணக்குகளைப் பற்றியது. சோறு தீத்தும்போது கார்ட்டூன் பார்க்கும் மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

சிறு பிள்ளைகளைப் பற்றிய கூற்றுகள் எல்லாமே ஒரேயொரு எண்ணின்மேல் நிற்கின்றன: பிள்ளை ஒரு நாளில் எவ்வளவு நேரம் திரை பார்த்தது என்பது. அந்த எண்ணை யார் சொன்னார்கள், எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று தெரிந்தால்தான் அதிலிருந்து பிறக்கும் முடிவுகளை எடைபோட முடியும்.

ஒரு மணித்தியாலம் என்ற எல்லை

உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடலசைவு, உட்கார்ந்திருக்கும் நேரம், தூக்கம் ஆகியவற்றுக்கான வழிகாட்டலை வெளியிட்டது. அதன்படி ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை கூடாது. ஒரு வயதுப் பிள்ளைக்குப் பரிந்துரைக்கப்படவில்லை. 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படக்கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல் இதையொத்த எல்லையைச் சொன்னபோது, 18 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் வீடியோ அழைப்பை மட்டும் விலக்காக வைத்தது.

உலக சுகாதார நிறுவனம் இதை வலுவான பரிந்துரை என்று வகைப்படுத்திய அதே இடத்தில், ஆதாரத்தின் தரம் மிகக் குறைவு என்றும் குறித்திருக்கிறது. இவை இரண்டும் முரண்பட்டவை அல்ல. ஓடியாடி விளையாடுவதாலும் நன்றாகத் தூங்குவதாலும் கெடுதல் வரப்போவதில்லை என்பதால், ஆதாரம் முழுமையடையும்வரை காத்திராமல் பரிந்துரைக்கலாம். ஆனால் 60 நிமிடத்தில் பாதுகாப்பு முடிந்து 61ஆவது நிமிடத்தில் ஆபத்து தொடங்குகிறது என்று எந்த ஆய்வும் காட்டியதில்லை. அது பொதுச் சுகாதாரத்துக்காக வரையப்பட்ட ஒரு கோடு.

திரை நேரத்துக்குள் எவையெல்லாம் வரும்

ஆய்வுக் கட்டுரைகளில் திரை நேரம் என்பது தொலைக்காட்சி, கைத்தொலைபேசி, டப், கணினி, விளையாட்டுக் கருவி ஆகியவற்றின் முன் கழியும் மொத்த நேரம். நடைமுறையில் இந்தக் கூட்டல் எளிதல்ல.

1. பின்னணித் திரை. மாலை ஆறரைக்குப் பிறகு பல வீடுகளில் இந்தியத் தொடர் நாடகங்கள் ஓடிக்கொண்டிருக்கும். அப்பம்மா அவற்றைப் பார்ப்பார், பிள்ளை அதே விறாந்தையில் கார் உருட்டிக்கொண்டிருக்கும். இது பிள்ளையின் திரை நேரமா? பெரும்பாலான தாய்மார் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஆனால் 2008இல் அமெரிக்காவில் மரி எவன்ஸ் ஷ்மிட் குழுவினர் 12, 24, 36 மாதப் பிள்ளைகளை விளையாடவிட்டு, அருகில் பெரியவர்களுக்கான வினாவிடை நிகழ்ச்சியொன்றை ஓடவிட்டுப் பார்த்தார்கள். பிள்ளைகள் திரையை ஓரிரு விநாடிகளே ஏறிட்டுப் பார்த்தபோதும், விளையாட்டு துண்டு துண்டாகச் சிதறியது. ஒரு பொருளில் ஆழ்ந்திருக்கும் நேரமும் சுருங்கியது.

2. வீடியோ அழைப்பு. கட்டாரில் வேலைசெய்யும் தந்தையோடு இரவு அரை மணி நேரம் பேசும் பிள்ளையும், அதே அரை மணி நேரம் யூடியூப் தானாகத் தள்ளும் காணொளிகளைப் பார்க்கும் பிள்ளையும் கூட்டுத்தொகையில் ஒன்றாகிவிடுவார்கள். முதலாவதில் கேள்வி, பதில், சிரிப்பு எல்லாம் பிள்ளையைப் பார்த்து வருகின்றன. இலங்கையின் திருகோணமலை மாவட்டத்து மூதூரிலும் கிண்ணியாவிலும் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய குடும்பங்கள் ஏராளம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காத வினாக்கொத்து அங்கே எடுக்கும் அளவு ஆரம்பத்திலேயே பிழைத்துவிடும்.

3. ஒரே நேரத்தில் இரண்டு திரைகள். தொலைக்காட்சி ஓட, மடியில் போனும் இருந்தால் ஒரு மணித்தியாலம் இரண்டாகக் கணக்கிடப்படலாம்.

4. அண்ணனின் திரை. 2020 மார்ச்சில் கோவிட் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் போனுக்கு மாறியபோது, மூத்த பிள்ளைக்காக வாங்கிய போனை இளையதும் எட்டிப்பார்க்கத் தொடங்கியது. அது யாருடைய கணக்கில் விழும்?

அளக்கும் வழிகள்

மிக அதிகமாகக் கையாளப்படும் வழி, பெற்றோரிடம் நினைவிலிருந்து கேட்பது: “வழமையான ஒரு நாளில் உங்கள் பிள்ளை எவ்வளவு நேரம் பார்க்கும்?” செலவு குறைவு, ஆயிரக்கணக்கானோரிடம் கேட்கலாம். பெரிய ஆய்வுகளின் முடிவுகளில் கணிசமானவை இந்த ஒரு கேள்வியிலிருந்தே வந்தவை.

இரண்டாவது, நாட்குறிப்பு. காலை எழுந்ததிலிருந்து இரவு தூங்கும்வரை பிள்ளை என்ன செய்தது என்று நேரவாரியாக எழுதுவதால் “வழமையான நாள்” என்ற கற்பனையிலிருந்து தப்பலாம். ஆனால் வேலைக்குப் போகும் தாய்க்கு அது பெரும் சுமை. மூன்றாவது, போனே வைத்திருக்கும் பதிவு. இது துல்லியமானது என்றாலும், திரை எரிந்ததை மட்டுமே அறியும், பார்த்தவரை அறியாது. தாயும் பிள்ளையும் பகிரும் ஒற்றைப் போனில், தாய் கடன் தவணை கட்டிய நேரமும் பிள்ளை பொம்மைப்படம் பார்த்த நேரமும் ஒரே கணக்கில் சேரும்.

நான்காவது வழி அண்மையில் வளர்ந்தது. பிள்ளையின் சட்டைப் பையில் சிறிய ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, நாள் முழுவதும் அதன் காதில் விழுந்த பேச்சையும் திரை ஒலியையும் கணினியால் பிரித்தெடுப்பது. அவுஸ்திரேலியாவில் 220 குடும்பங்களை இப்படிப் பின்தொடர்ந்த ஆய்வு 2024இல் வெளியானது. பிள்ளைக்கு 36 மாதமானபோது, திரை ஒவ்வொரு நிமிடம் கூடும்போதும் பெரியவர்கள் பேசிய சொற்கள் சராசரியாக 6.6ஆலும், பிள்ளை எழுப்பிய ஒலிகள் 4.9ஆலும், இருவருக்கும் இடையிலான பேச்சு மாற்றங்கள் 1.1ஆலும் குறைந்திருந்தன. என் கணிப்பில் இந்தத் துறையின் மிகப் பயனுள்ள எண்கள் இவைதான். திரை பிள்ளையை என்ன செய்தது என்ற பெரிய கேள்விக்குப் பதிலாக, திரை ஓடியபோது வீட்டில் எது நடக்காமல் போனது என்று அவை காட்டுகின்றன. இந்த வழிக்கும் ஒரு குறையுண்டு: ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கும் போனைக் கருவி கேட்பதில்லை.

பெற்றோர் சொல்லும் எண் எவ்வளவு பிழைக்கும்

கிளினிக்கில் பிள்ளையை நிறுக்கும் தராசை எடுத்துக்கொள்வோம். யார் நிறுத்தாலும் ஏறத்தாழ ஒரே எண்தான் வரும். அதனால்தான் வளர்ச்சிப் பதிவேட்டில் இழுக்கும் கோட்டை நம்ப முடிகிறது. திரை நேரத்துக்கு அப்படியொரு தராசு இன்னும் இல்லை.

அமெரிக்காவில் ஜெனி ராடெஸ்கி குழுவினர் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளின் 346 பெற்றோரை வைத்து 2020இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. தனக்கென்று கருவி வைத்திருந்த பிள்ளைகளின் பெற்றோர் சொன்ன நேரத்தைக் கருவியின் பதிவோடு ஒப்பிட்டபோது, ஏறத்தாழ 36 வீதமானோர் குறைத்தும் 35 வீதமானோர் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கினரும் இல்லை. பெரியவர்கள் தங்கள் சொந்தப் பாவனையைப் பற்றிச் சொல்வதும் இதைவிடப் பெரிதாக மேம்பட்டதல்ல: பல ஆய்வுகளைச் சேர்த்து 2021இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், சொன்ன அளவுக்கும் பதிவான அளவுக்கும் இடையிலான ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து அசைகின்றன என்ற அளவு) 0.38 மட்டுமே. முழுப் பொருத்தம் என்றால் அது 1ஆக இருந்திருக்கும்.

இந்தப் பிழைகள் ஒரே மாதிரியானவை அல்ல. அவற்றின் வகையைப் பொறுத்தே முடிவு எந்தப் பக்கம் சாயும் என்பது தீர்மானமாகிறது.

முதல் வகை, தற்செயல் பிழை. ஒருவர் கூட்டிச் சொல்ல, இன்னொருவர் குறைத்துச் சொல்வார். இது உண்மையான தொடர்பை மங்கலாக்கி, இருப்பதைவிடச் சிறியதாகக் காட்டும்.

இரண்டாவது, கூச்சப் பிழை. கேட்பவர் குடும்பநல உத்தியோகத்தர் என்றால், “ஒரு மணித்தியாலம்தான் மிஸ்” என்ற பதில் வருவதற்கு வாய்ப்பு அதிகம். எல்லை எதுவென்று தாய்க்கும் தெரியும். வழிகாட்டல் எவ்வளவு பரவலாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு, அதை மீறியதாக ஒப்புக்கொள்வோர் குறைவர். இப்படிக் கிடைக்கும் கணக்கெடுப்பில் திரை நேரம் ஆண்டுக்காண்டு குறைவதுபோலத் தோன்றினால், குறைந்தது பார்வையா, ஒப்புதலா என்று பிரிக்க முடியாது.

மூன்றாவது வகைதான் மிகவும் கவனிக்கப்படாதது. திரை நேரத்தையும் நடத்தையையும் ஒரே ஆள் சொல்கிறார். களைத்துப்போன, உதவிக்கு ஆளில்லாத, மனம் சோர்ந்த ஒரு தாய்க்குப் பிள்ளையின் அடமும் பெரிதாகத் தெரியும். போனைக் கொடுத்த நேரமும் குற்றவுணர்வோடு பெரிதாகத் தெரியும். பிள்ளையிடம் எந்த மாற்றமும் இல்லாமலே இரண்டு எண்களும் ஒன்றாக உயரும். முதல் வகைப் பிழை தொடர்பைச் சுருக்குகிறது என்றால், இது தொடர்பை ஊதிப்பெருக்குகிறது.

காலமும் அளவை மாற்றும். மார்கழி மழையில் வீட்டுக்குள் அடைபட்ட வாரத்தில் கேட்டால் ஒரு விடை. பங்குனியில் உப்புவெளிக் கடற்கரைக்கு மாலையில் போய்வரும் வாரத்தில் கேட்டால் வேறொன்று. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் வெயில் பிள்ளைகளைத் திரும்பவும் உள்ளே தள்ளும். 2022 மார்ச் இறுதியில், நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் யாராவது திருகோணமலையில் திரை நேரத்தைக் கேட்டிருந்தால், சீமெந்து வீட்டுக்கும் தகரக் கொட்டிலுக்கும் ஒரே விடை வந்திருக்கும்.

நடத்தையை எப்படி அளக்கிறார்கள்

பரவலாகக் கையாளப்படுவது, ஆங்கிலேய உளமருத்துவர் றொபேர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட 25 கூற்றுகள் கொண்ட வினாக்கொத்து. உணர்ச்சிச் சிக்கல், ஒழுங்குமீறல், அமைதியின்மையும் கவனக்குறைவும், சகபிள்ளைகளோடான உறவு, பிறருக்கு உதவும் குணம் என்ற ஐந்து பகுதிகள் அதில் உண்டு, தமிழிலும் கிடைக்கிறது. முதல் நான்கின் கூட்டுத்தொகையே சிக்கலின் மொத்த மதிப்பெண்.

ஆய்வாளர்கள் இவற்றை இரு தொகுதிகளாகவும் பிரிப்பார்கள். அடித்தல், கத்துதல், இருப்புக்கொள்ளாமை போன்றவை வெளிநோக்கிய நடத்தைகள். பயம், ஒதுங்குதல், வாடியிருத்தல் போன்றவை உள்நோக்கியவை. முன்பள்ளி ஆசிரியையும் தாயும் ஒரே பிள்ளைக்கு வேறு வேறு மதிப்பெண் கொடுப்பது சாதாரணம். இருவரிடமும் கேட்டு, திரை நேரத்தைக் கருவிப் பதிவால் எடுத்த ஆய்வுக்கு, எல்லாவற்றையும் ஒரே தாளில் தாயிடம் கேட்ட ஆய்வைவிட அதிக மதிப்புக் கொடுக்கலாம்.

தொடர்பு எவ்வளவு, எந்தத் திசையில்

12 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 1,59,000 பிள்ளைகளை உள்ளடக்கிய 87 ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளிவந்த ஆய்வு, திரை நேரத்துக்கும் வெளிநோக்கிய நடத்தைச் சிக்கலுக்கும் இடையில் 0.11 என்ற ஒட்டுறவையும், உள்நோக்கியதற்கு 0.07 என்ற ஒட்டுறவையும் கண்டது. 0.11ஐ அதனாலேயே பெருக்கினால் 0.012 வரும். அதாவது, பிள்ளைக்குப் பிள்ளை நடத்தை வேறுபடுவதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே திரை நேரத்தோடு சேர்ந்து அசைகிறது. ஒரு நாட்டின் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்க்கும் சுகாதார அமைச்சுக்கு இது அலட்சியப்படுத்தக்கூடிய அளவல்ல. ஆனால், “என் மகன் ஏன் அடிக்கிறான்?” என்று கேட்கும் ஒரு வீட்டுக்கு அது விடையாகாது.

சேர்ந்து அசைவது வேறு, ஒன்று மற்றதை உண்டாக்குவது வேறு. இங்கே மூன்று விளக்கங்கள் போட்டியிடுகின்றன.

1. திரை நடத்தையைக் கெடுக்கிறது. கனடாவின் கல்கரி நகரில் 2,441 தாய்மாரையும் பிள்ளைகளையும் பின்தொடர்ந்து ஷெரி மடிகன் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 24 மாதத்தில் கூடிய திரை நேரம் 36 மாதத்தில் குறைந்த வளர்ச்சி மதிப்பெண்ணையும், 36 மாதத்தில் கூடிய திரை நேரம் 60 மாதத்தில் குறைந்த மதிப்பெண்ணையும் முன்காட்டியது. எதிர்த்திசையில் தொடர்பு தெரியவில்லை. அளவு சிறியது. இங்கு அளக்கப்பட்டது பேச்சு, அசைவு, பிரச்சினை தீர்த்தல் உள்ளிட்ட பொது வளர்ச்சியே தவிர அடமோ கோபமோ அல்ல என்பது செய்திகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

2. நடத்தை திரையை வரவழைக்கிறது. அழுதால் நிற்காத பிள்ளைக்குத்தான் போன் முதலில் கிடைக்கும். 117 நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்து 2025இல் வெளியான ஆய்வு இரண்டு திசைகளிலும் தொடர்பைக் கண்டது: கூடிய திரை பின்னாளின் உணர்ச்சிச் சிக்கலை முன்காட்டியது, உணர்ச்சிச் சிக்கலுள்ள பிள்ளைகள் பின்னாளில் கூடுதலாகத் திரையை நாடினார்கள். ராடெஸ்கி குழுவினர் 422 பெற்றோரோடு செய்த இன்னோர் ஆய்வு, 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளை அமைதிப்படுத்த அடிக்கடி போனைக் கொடுத்தபோது, சில மாதங்களின்பின் உணர்ச்சி சட்டென்று மாறுவது கூடியிருந்ததைக் காட்டியது; ஆண்பிள்ளைகளிடம் இது தெளிவாக இருந்தது. அழுகை போனை அழைக்க, போன் அடுத்த அழுகையைப் பெரிதாக்குகிறது என்றால், எது முதலில் வந்தது என்ற கேள்வியே பெரும்பாலும் பயனற்றது.

3. மூன்றாவதொரு காரணம் இரண்டையும் உண்டாக்குகிறது. திருக்கடலூரில் இரவு மீன்பிடி முடித்து விடியக் கரைசேர்ந்த தந்தை பகலில் தூங்க, ஒற்றை அறை வீட்டில் பிள்ளை சத்தமில்லாமல் இருக்கவேண்டுமானால் போனைத் தவிர வேறென்ன வழி? இடநெருக்கடி, வருமானம், தாயின் களைப்பு, விளையாட முற்றமில்லாமை ஆகியவை திரை நேரத்தையும் கூட்டும், நடத்தையையும் பாதிக்கும்.

மூன்றாவது விளக்கம் எவ்வளவு பலமானது என்பதற்கு இத்துறையின் பிரபலமான ஆய்வொன்றே சான்று. 2004இல் டிமிட்ரி கிறிஸ்டாகிஸ் குழுவினர், 1 வயதிலும் 3 வயதிலும் பார்த்த தொலைக்காட்சி 7 வயதில் கவனச் சிக்கலோடு தொடர்புடையது என்று எழுதினார்கள். உலகமெங்கும் தலைப்புச் செய்தியானது. பார்த்த நேரமும் கவனச் சிக்கலும் தாய்மார் சொன்னவையே. 2010இல் மைக்கல் ஃபொஸ்டரும் ஸ்டெஃபனி வட்கின்ஸும் அதே தரவை மீண்டும் எடுத்து, தொடர்பு மிக உயர்ந்த பார்வை நேரத்தில் மட்டுமே இருப்பதையும், தாயின் கல்வித்திறனையும் குடும்ப வறுமையையும் கணக்கில் சேர்த்ததும் அதுவும் மறைவதையும் காட்டினார்கள். இந்த இரண்டாவது ஆய்வு தலைப்புச் செய்தியாகவில்லை.

வீட்டில் அளக்க விரும்பினால்

மொத்த மணித்தியாலத்தைவிட, அது எங்கே விழுகிறது என்பதே கூடுதலாகப் பயன்படும். நாளின் பகுதிகளை ஒரு தாளில் எழுதி, திரை எரிந்தபோதெல்லாம் மூன்றை மட்டும் குறித்தால் போதும்: என்ன நோக்கத்துக்காக (சோறு தீத்த, அழுகையை நிறுத்த, சமைக்க நேரம் கிடைக்க, தூங்கவைக்க), பக்கத்தில் யார் இருந்தார்கள், அணைத்தபோது என்ன நடந்தது. போனின் பதிவைப் பார்ப்பதானால், பிள்ளை மட்டும் பயன்படுத்தும் செயலிகளின் நேரத்தைத் தனியாக எடுக்கவேண்டும். மழைக்கால வாரமொன்றும் வெயில்கால வாரமொன்றும் சேர்ந்தால்தான் அந்த வீட்டின் வழமை தெரியும். தூங்கமுன் ஒரு மணித்தியாலமும் சாப்பாட்டு நேரமும் திரையில் கழிகின்றன என்று தெரியவந்தால், மொத்த எண் என்னவாக இருந்தாலும், மாற்றத்தைத் தொடங்கவேண்டிய இடம் அதுதான்.

“மெய்நிகர் ஓட்டிசம்” என்ற கூற்று

குரல்பதிவுகளில் மிக அதிகம் பயமுறுத்துவது இதுதான். திரை அதிகமானால் ஓட்டிசம் போன்ற அறிகுறிகள் வரும் என்ற கருத்துக்கு ருமேனிய உளவியலாளர் மாரியஸ் ஸம்ஃபிர் பரப்பிய இந்தப் பெயர், எந்த உத்தியோகபூர்வ நோய்ப் பட்டியலிலும் இல்லை. ஜப்பானில் 84,030 தாய்-பிள்ளைச் சோடிகளை ஆராய்ந்து 2022இல் வெளிவந்த ஆய்வு, ஒரு வயதில் கூடிய திரை நேரத்துக்கும் மூன்று வயதில் ஓட்டிசம் கண்டறியப்படுவதற்கும் இடையில் ஆண்பிள்ளைகளிடம் தொடர்பைக் கண்டது, பெண்பிள்ளைகளிடம் காணவில்லை. அது அவதானிப்பு ஆய்வு, அதாவது நடந்ததைப் பார்த்துக் குறித்தது மட்டுமே; எது எதற்குக் காரணம் என்று அதனால் நிறுவ முடியாது. ஓட்டிசத்தின் அறிகுறிகள் பல பிள்ளைகளிடம் ஒரு வயதை ஒட்டியே தொடங்கிவிடுகின்றன. முகங்களைவிட அசையும் ஒளியில் ஈர்ப்புள்ள குழந்தைக்குத் திரை அதிகம் காட்டப்பட்டிருக்கலாம் என்ற விளக்கத்தை அந்த ஆய்வால் ஒதுக்கிவிட முடியாது.

கூடுதலாகத் திரை பார்த்த பிள்ளைக்குத் திரையைக் குறைத்து, பேச்சையும் விளையாட்டையும் கூட்டியபின் பேச்சு முன்னேறுவதுண்டு. மேலே சொன்ன அவுஸ்திரேலிய எண்களைப் பார்த்தால் அது வியப்பல்ல. ஆனால் அந்த முன்னேற்றம் ஓட்டிசம் வந்து குணமானதற்குச் சான்றாகாது.

இந்தப் பெயரால் வரும் நடைமுறைத் தீங்கு வேறொன்று. போனை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று நம்பி, வீடு ஆறு மாதம் காத்திருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டிக் காட்டாத, இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்க்காத பிள்ளைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்க்கவேண்டும். வளர்ச்சிப் பதிவேட்டோடு குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக் வழியாகக் குழந்தை வைத்திய நிபுணரிடமும் பேச்சுச் சிகிச்சையாளரிடமும் அனுப்புவார்கள். திரையைக் குறைப்பதையும் அதே வாரத்தில் தொடங்கலாம். ஒன்றின் பலனைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைச் செய்யவேண்டும் என்றில்லை.